இருட்டு பழகியதற்கு நன்றி: நர்சம்மாவுக்கு ஒரு திறந்த மடல்

மறைமலை நகர்

அன்புள்ள நர்சம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்திருக்கலாம். புதன்கிழமை தடுப்பூசி நாள், பேரமனூர்ப் பக்கம் வருவீர்கள் என்று தெரியும். கொடுத்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். "அட போங்க சார், இதுக்கெல்லாமா" என்று சிரித்துவிட்டு, அடுத்த குழந்தையின் அட்டையைக் கேட்பீர்கள். அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். தவிர, இது உங்கள் ஒருவருக்கு மட்டுமான கடிதமும் இல்லை. கூடுவாஞ்சேரியில் தொடங்கி சிங்கப்பெருமாள் கோவில் வரை தோளில் பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஏறி இறங்கும் கிராம சுகாதாரச் செவிலியர்கள் எல்லாருக்கும், அந்தப் பை வந்து சேரும் அங்கன்வாடிகளில் பாயை விரித்துப் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்திருக்கும் டீச்சர்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதற்கு நன்றி என்று கேட்டால் பதில் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். ஊசி போட்டதற்கு நன்றி சொல்பவர்கள் உண்டு. நடுராத்திரியில் 108-ஐ வரவழைத்துப் பிரசவத்துக்கு அனுப்பி வைத்ததற்குச் சொல்பவர்களும் உண்டு. நான் சொல்ல வந்தது வேறு. கரண்ட் போய்க் கொஞ்ச நேரம் கழித்து எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுவரும், கதவு நிலையும், மூலையில் இருக்கும் தண்ணீர்க் குடமும் மெல்லத் தெரிய ஆரம்பிக்கின்றன அல்லவா, அதற்கு.

அது தானாக நடக்கிற காரியம் என்றுதான் ஊரே நினைக்கிறது. அறிவியல் ஆசிரியராக இருக்கும் எனக்கு அப்படி நினைத்துவிட்டுப் போக முடியவில்லை. கண்ணைப் பற்றிய பாடம் நடத்தும்போது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போவது வழக்கம். உச்சி வெயிலில் ஒரு கண்ணை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு பத்து நிமிஷம் நிற்க வேண்டும். பிறகு அப்படியே பழைய பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கும் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். திறந்திருந்த கண்ணுக்கு எதுவுமே தெரியாது. "இப்போ கண்ணை மாத்துங்க" என்றதும் எழும் கூச்சல் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். மூடியிருந்த கண்ணுக்கு உடைந்த பெஞ்சும், ஒட்டடையும், நண்பனின் பல்லும் தெரியும். "சார், ஒரு கண்ணு குருடு, ஒரு கண்ணு பூனை!" என்று ஒருவன் கத்தினான் ஒருமுறை. பாடப்புத்தகத்தில் இதைவிடத் தெளிவாக எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் உடனே சொல்லும் காரணம், கண்மணி, அதாவது கண்பாப்பா, விரிகிறது என்பது. உண்மைதான். ஆனால் அது சின்னப் பங்கு. பாப்பா சுருங்கினால் சுமார் 2 மில்லிமீட்டர், நன்றாக விரிந்தால் 8 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் பதினாறு மடங்கு கூடுதல் ஒளி உள்ளே வரும், அவ்வளவுதான். நம் ஊர்ப் பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். நிலா இல்லாத இரவில் நட்சத்திர வெளிச்சம் ஒரு லக்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இரண்டுக்கும் நடுவில் பத்துக் கோடி மடங்கு வித்தியாசம். பாப்பா தரும் பதினாறை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சமாளிப்பது? மீதி வேலை அத்தனையும் விழித்திரையில் நடக்கிறது. அங்கே இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. சுமார் 60 லட்சம் கூம்புச் செல்கள். பகலுக்கும் நிறத்துக்கும் கூர்மைக்கும் இவைதான் பொறுப்பு. சுமார் 12 கோடி குச்சிச் செல்கள். இவற்றுக்கு நிறம் தெரியாது, ஆனால் மிகக் குறைந்த வெளிச்சத்திலும் வேலை செய்யும்.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனதும் முதலில் தேறுவது கூம்புகள். ஐந்து முதல் பத்து நிமிஷத்தில் தங்களால் முடிந்ததைச் செய்துவிட்டு நின்றுவிடும். அதன் பிறகுதான் குச்சிகள் மெல்ல எழுந்து வந்து அவற்றை முந்துகின்றன. முழுசாகத் தேறுவதற்கு அரை மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல். தாம்பரத்தில் மேட்னி ஷோவுக்குத் தாமதமாகப் போனவர்கள் எல்லாருக்கும் இது அனுபவத்திலேயே தெரியும். டார்ச் அடிப்பவர் இல்லையென்றால் யார் காலையாவது மிதித்துத் திட்டு வாங்காமல் சீட்டுக்குப் போக முடியாது. ஹீரோவின் அறிமுகப் பாட்டு முடியும்போது பக்கத்து வரிசைக்காரர் கையில் இருப்பது பாப்கார்னா சமோசாவா என்பது வரை தெரிந்துவிடும். இடைவேளையில் விளக்கு போட்டதும் சேர்த்து வைத்த அத்தனையும் ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

வெளிச்சத்துக்குப் பழகுவது ஏன் அவ்வளவு சுலபம், இருட்டுக்குப் பழகுவது ஏன் இவ்வளவு இழுவை? உங்கள் பையில் இருக்கும் வைட்டமின் ஏ பாட்டில் இங்கேதான் வருகிறது, நர்சம்மா.

குச்சிச் செல் ஒவ்வொன்றிலும் ரோடாப்சின் என்ற நிறமி கோடிக்கணக்கான மூலக்கூறுகளாக அடுக்கடுக்காக இருக்கிறது. 1876-ல் பிரான்ஸ் போல் என்ற விஞ்ஞானி ரோமில் தவளையின் விழித்திரையைப் பிரித்துப் பார்த்தபோது, செந்நிறமாக இருந்த அது வெளிச்சம் பட்டதும் வெளிறிப்போவதைக் கண்டார். (நம் ஊருக்குப் பெயர் தந்த மறைமலை அடிகள் பிறந்ததும் அதே 1876-ல்தான். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது. ஆண்டை மறக்காமல் இருக்க எனக்கு உதவுகிறது, அவ்வளவுதான்.) அந்த நிறமி எதனால் ஆனது என்பது தெரிய இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஜார்ஜ் வால்ட் என்ற இளம் அமெரிக்கர் பெர்லினில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, விழித்திரைக்குள் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்தார். 1933-ல் அது வெளியானது. 1967-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நடப்பது இதுதான். ரோடாப்சினுக்குள் வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டான ரெட்டினால் என்ற சின்ன மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு ஒளித்துகள் பட்டால் போதும், நிமிர்ந்துவிடும். அந்த நிமிர்வுதான் பார்வையின் முதல் அசைவு. நிமிர்ந்தது புரதத்தை விட்டுப் பிரிந்து, விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் நிறமிப் படலத்துக்குப் போய், அங்கே மறுபடி வளைக்கப்பட்டு, திரும்பி வந்து புரதத்தில் உட்கார வேண்டும். நிமிர்வதற்கு ஒரு வினாடியில் மிகமிகச் சிறிய பங்கு நேரம். போய் வளைந்து திரும்பி வருவதற்கு நிமிஷக் கணக்கு. வெயிலில் நின்றவனின் குச்சிகளில் பெரும்பகுதி நிறமி நிமிர்ந்து பிரிந்து கிடக்கும். அதை ஒவ்வொன்றாகத் திருப்பி உட்கார வைப்பதற்குத்தான் அந்த அரை மணி நேரம். இந்தப் போக்குவரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேதாரமும் ஆகும். அதை இரத்தம் ஈடுகட்ட வேண்டும், இரத்தத்துக்குக் கல்லீரல் கொடுக்க வேண்டும், கல்லீரலுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும். சாப்பாட்டில் இல்லையென்றால் முதலில் கைவிடுவது இருட்டுப் பார்வை.

எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உங்கள் பாட்டிலைப் பற்றியது. பழுப்பு நிறப் பாட்டில் அது, வெளிச்சம் படாத இடத்தில்தான் வைப்பீர்கள். ஒருமுறை திறந்துவிட்டால் சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பீர்கள். காரணம், வெளிச்சம் பட்டால் வைட்டமின் ஏ கெட்டுப்போகும். வெளிச்சத்துக்கு அவ்வளவு கூச்சப்படுகிற பொருளாக இருப்பதால்தான் கண்ணும் அதைத் தேர்ந்து வைத்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

இந்தக் கண்ணின் முழுத் திறமை எவ்வளவு என்று அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக் ஹெக்ட்டும் கூட்டாளிகளும் 1942-ல் அளந்து சொன்னார்கள். நன்றாக இருட்டுக்குப் பழகிய கண்ணில் 5 முதல் 14 ஒளித்துகள்கள் உறிஞ்சப்பட்டாலே, 'தெரிகிறது' என்று மனிதர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குக் கீழே போக இயற்கையிலேயே அதிக இடம் இல்லை.

நம் பக்கத்தில் அந்தத் திறமையை யாரும் பயன்படுத்துவதே இல்லை. தொழிற்பேட்டை விளக்குகள், ஜிஎஸ்டி சாலையின் விளக்குகள், கையில் எந்நேரமும் போன். எங்கள் தெருவில் எல்லாருடைய குச்சிச் செல்களும் ஒன்றாக விழித்துக்கொண்டதை நான் பார்த்தது 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்த பிறகுதான். அன்று கார்த்திகை தீபம் வேறு. அகல் வாங்கி வைத்தவர்கள் வாசலில் ஏற்ற முடியவில்லை. மரங்கள் கம்பிகளின் மேல் விழுந்து கரண்ட் போனது, சீக்கிரம் வரவும் இல்லை. அடுத்த இரவுகளில் பௌர்ணமியை ஒட்டிய நிலா. மெழுகுவர்த்தி தீர்ந்துவிடும் என்று அதையும் அணைத்துவிட்டு ஜனங்கள் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கோலப்பொடி டப்பாவிலிருந்து ஒடிந்த முருங்கைக் கிளை வரை எல்லாம் தெரிந்தது. எதிர்வீட்டுச் செம்பருத்தி மட்டும் கறுப்பாக இருந்தது. இலைகள் பூவைவிட வெளிறித் தெரிந்தன. பூ வாடிவிட்டது என்றார் அந்த வீட்டுப் பாட்டி. வாடவில்லை. குச்சிச் செல்களுக்குச் சிவப்பு எட்டாது, அவற்றுக்கு நீலப்பச்சை வரைதான் நன்றாகத் தெரியும். இருட்டில் வேலை செய்யும் விமானிகளுக்கும் மாலுமிகளுக்கும் சிவப்பு விளக்கு கொடுத்த பழக்கத்துக்கும் இதே காரணம்தான்: சிவப்பில் படித்தால் குச்சிகளின் சேமிப்பு கரையாது. மறுநாள் காலையில் அதே செம்பருத்தி இரத்தச் சிவப்பாக இருந்ததைப் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

பார்வையின் நட்டநடுவில் குச்சிச் செல்லே கிடையாது என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மங்கலான நட்சத்திரத்தை முறைத்துப் பார்த்தால் மறையும், கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரியும். கல்யாண மண்டபத்தில் பகல் பத்து மணிக்கு அருந்ததி பார்த்தவர்களுக்கு இதைச் சோதிக்க இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

ஜிஎஸ்டி சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரில் வரும் காரின் வெள்ளை விளக்கு முகத்தில் அடித்துவிட்டுப் போனதும் சில வினாடிகள் ஒன்றும் தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் வினாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் ஓடுகிறோம். வயது ஏற ஏற இந்தத் தேறுதல் இன்னும் மெதுவாகும், பாப்பாவும் சின்ன வயதில் விரிந்த அளவுக்கு விரியாது. விளக்கை நேரே பார்க்காமல் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பாருங்கள் என்று லாரி ஓட்டுகிறவர்கள் சொல்வது சரியான யோசனை. ஹை பீமில் வருகிறவருக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாலைக்கண் என்பது நம் பாட்டிகள் காலத்தில் ஒவ்வொரு ஊரிலும் தெரிந்த நோய். விளக்கு வைக்கிற நேரத்தில் குழந்தை தடுமாறும். தட்டில் இருக்கும் சோற்றைத் தடவும். அடிவாங்கும், 'கண்ணு எங்க வச்சிருக்க' என்று. கவனிக்காமல் விட்டால் கண்ணின் வெள்ளையில் நுரை படிந்ததுபோல் ஒரு திட்டு வரும். அதற்குப் பிறகு கருவிழி உலர்ந்து, மெலிந்து, சில நாட்களில் கரைந்தே போய்விடும். அம்மை அல்லது வயிற்றுப்போக்கு வந்து படுத்து எழுந்த குழந்தைக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

இதைத் தடுப்பதற்கான வழி எங்கோ ஐரோப்பாவிலிருந்து மொத்தமாக வந்து இறங்கியதில்லை, நர்சம்மா. பாதி நம் ஊரில் எழுதப்பட்டது. 1819-ல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனை, எழும்பூரில் இன்றைக்கும் கூட்டம் குறையாத அதே மருத்துவமனைதான். அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஆர்.இ. ரைட், கருவிழி கரைந்த நிலையில் தூக்கிவரப்பட்ட தென்னிந்தியக் குழந்தைகளைப் பற்றி 1920-களிலேயே எழுதினார். குன்னூரில் அப்போது இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் ஏக்ராய்டும் அவரும் சேர்ந்து, கரோட்டின் நிறைந்த சிவப்புப் பனை எண்ணெயைக் கொடுத்து அந்தக் கண்களைக் காப்பாற்றலாமா என்று பார்த்தார்கள். அந்தக் கட்டுரை 1937-ல் வந்தது. ஒரு கரண்டி எண்ணெய்! உங்கள் பாட்டிலின் பூர்வகதை அது.

1970-களில் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு கண் அறுவைச் சிகிச்சை செய்தவர், வைட்டமின் ஏ குறைவால் பார்வை போகும் நிலையில் வந்த குழந்தைகளுக்காகவே ஓர் ஊட்டச்சத்து மையத்தை ஏற்படுத்தினார். மருந்து கொடுத்து அனுப்பினால் போதாது, தாய்க்கு எதைச் சமைப்பது என்று காட்டி அனுப்ப வேண்டும் என்பது அவர் கட்சி. 1976-ல் பணி ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கைகளோடு அவர் ஆரம்பித்ததுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

அந்த அரவிந்தைச் சேர்ந்த லைலா ரஹ்மத்துல்லாவும் உடன் உழைத்தவர்களும் திருச்சி மாவட்டக் கிராமங்களில் செய்த ஆய்வைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்களா, தெரியாது. பள்ளிக்கூடம் போகாத வயதில் 15,419 குழந்தைகள். பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை, சாப்பாட்டிலிருந்து கிடைக்கக்கூடிய அளவுக்கே கொஞ்சமாக வைட்டமின் ஏ. மறு பாதிக்கு அது இல்லை. ஊர்த் தன்னார்வலர்கள் வாராவாரம் வீடுவீடாகப் போய் ஒரு வருஷம் கொடுத்தார்கள். வைட்டமின் ஏ கிடைத்த குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்தது. 1990-ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது வெளிவந்தது. இந்தோனேசியாவில் ஆய்வு செய்த ஆல்ஃபிரட் சோமர் நான்கு ஆண்டுகளுக்கு முன் சொன்னதை, கண்ணைக் காப்பாற்றும் மருந்து உயிரையும் காப்பாற்றுகிறது என்பதை, திருச்சி இன்னும் அழுத்தமாகச் சொன்னது. குடலின் உள்தோலுக்கும் நுரையீரலின் உள்தோலுக்கும் அதே வைட்டமின்தான் காவல். மாலையில் தடுமாறும் குழந்தை, உள்ளேயும் காவல் இல்லாத குழந்தை.

இன்னொரு பக்கத்தையும் சொல்வது நியாயம். உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2013-ல் வெளியானபோது, இறப்பில் 4 சதவீத வித்தியாசம்தான் தெரிந்தது. அதுவும் உறுதியாகச் சொல்லும்படி இல்லை. அதன் பிறகு, எல்லாக் குழந்தைக்கும் பெரிய அளவு மருந்து இன்னும் வேண்டுமா, முட்டையும் கீரையும் போதாதா என்று வல்லுநர்கள் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாதாடட்டும். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்து, 1989-ல் கருணாநிதி அதில் முட்டையைச் சேர்த்த மாநிலத்தில் இருந்துகொண்டு, சாப்பாடுதான் கடைசிப் பதில் என்பதை நான் மறுக்கப்போவதில்லை. முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை மஞ்சள், கிடைத்தால் ஆட்டு ஈரல். கீரையில் ஒரு கரண்டி எண்ணெய் சேர்ந்தால்தான் கரோட்டின் உடம்பில் ஒட்டும். ஆனால் 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், நாட்டில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 18 சதவீதம் பேருக்கு வைட்டமின் ஏ குறைவாக இருந்தது. அந்தப் பிள்ளைகளின் தட்டுக்கு முட்டை வந்து சேரும்வரை உங்கள் கரண்டி ஓயக் கூடாது என்பது என் கட்சி.

1970-ல் மத்திய அரசு தொடங்கிய வைட்டமின் ஏ திட்டத்தின் கரண்டி அது. ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 மில்லி, அதாவது ஒரு லட்சம் அலகு. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 மில்லி. ஐந்து வயதுக்குள் மொத்தம் ஒன்பது தடவை. காகிதத்தில் இரண்டு வரி. அது எப்படி நடக்கிறது என்பதை என் மகளை அங்கன்வாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்த நாட்களில் பார்த்தேன். குழந்தையை மடியில் சாய்த்து, இரண்டு கன்னத்தையும் ஒரு கையால் மெல்ல அழுத்தி, வாய் திறந்ததும் கரண்டியைக் கோடு வரை நிரப்பி உள்ளே விட்டு, துப்பிவிடாமல் தாடையைத் தூக்கிப் பிடிப்பீர்கள். கரண்டியின் விளிம்பில் தங்கியதையும் விட மாட்டீர்கள், நாக்கில் வழித்துவிடுவீர்கள். விரலில் ஒட்டிய மஞ்சள் பிசுக்கைத் துடைக்கும் முன்பே ரிஜிஸ்டரில் டிக் விழுந்திருக்கும். அந்த டிக் எவ்வளவு முக்கியம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இது கொழுப்பில் கரைந்து ஈரலில் தங்குகிற வைட்டமின். மிஞ்சினால் சிறுநீரில் போய்விடாது. ஆறு மாதம் ஆவதற்குள் இன்னொரு தடவை பெரிய அளவில் கொடுத்துவிட்டால் குழந்தைக்கு வாந்தியும் தலைவலியும் வரலாம். யாருக்கு எப்போது கொடுத்தோம் என்ற உங்கள் கணக்கு மருந்தின் பாதி.

அப்படி ஒரு நாள் வரிசையில் ஒரு ஒடியாக்காரப் பெண்ணும் இருந்தார், இடுப்பில் ஒரு பையன். தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவரின் மனைவி. உங்களுக்கு ஒடியா தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. "சாயங்காலம் ஆனா புள்ள தடுமாறுதா?" என்று கேட்க வேண்டும் உங்களுக்கு. ஜன்னலைக் காட்டி, சூரியன் இறங்குவதைக் கையால் காட்டி, பிறகு எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சுவரைத் தடவித் தடவி நடந்து காட்டினீர்கள். உட்கார்ந்திருந்த அம்மாக்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆமாம் என்று தலையசைத்தார். பையனின் கீழிமையை இறக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அவனுக்கு மட்டும் தனிச் சீட்டு எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரை அன்றைக்கே பார்க்கும்படி, டீச்சரைத் துணைக்கு அனுப்பி வைத்தீர்கள். மாலைக்கண் வந்த குழந்தைக்கு ஆறு மாதக் கணக்கு பொருந்தாது, உடனே ஒரு முழு அளவும் மறுநாள் ஒன்றும் கொடுக்க வேண்டும் என்று பிறகு நான் கேட்டபோது சொன்னீர்கள். அந்த நிலையில் பிடித்துவிட்டால் இருட்டுப் பார்வை சில நாட்களிலேயே திரும்பிவிடும். கருவிழி கரைந்த பிறகு எந்த மருத்துவமனையாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

என் வகுப்பில் இப்போது ஒன்றைக் கவனிக்கிறேன். ஸ்டோர் ரூம் சோதனையில் 'எனக்கு ரெண்டு கண்ணுலயுமே தெரியல சார்' என்று சொல்லும் பிள்ளை நான் பாடம் எடுக்கும் இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. என் அம்மாவின் வகுப்பில் அப்படி இருவர் இருந்ததாக அவர் சொல்வார். நடுவில் வந்தது நீங்களும் சத்துணவும்தான். விழித்திரையில் வைட்டமின் ஏ-யைக் கண்டுபிடித்தவருக்குப் பரிசு கிடைத்தது. அந்த விழித்திரைக்கு ஒவ்வொரு ஆறு மாதமும் சரக்கு அனுப்பி வைத்தவர்களுக்கு என் தலைமுறை சார்பில் இந்தக் கடிதமாவது கிடைக்கட்டும். நன்றி, நர்சம்மா. டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் நன்றி.

கடைசியாக, இதைப் படிக்கும் மறைமலை நகர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வைட்டமின் ஏ சுற்று ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. நம் பிள்ளைகளை நாம் கூட்டிக்கொண்டு போய்விடுவோம். விட்டுப்போவது வாடகை வரிசை வீடுகளில் இருக்கும் வெளிமாநிலத்துக் குழந்தைகள்தான். இன்று இங்கே, அடுத்த மாதம் ஒரகடத்தில் என்று இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், ரிஜிஸ்டரில் பேர் இருக்காது. வீட்டு உரிமையாளர்களும் ஆள் எடுக்கும் கான்ட்ராக்டர்களும் வாடகை வாங்கும்போதோ சம்பளம் கொடுக்கும்போதோ அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவர்களுக்கு ஒரு தடவை காட்டிவிடுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மறைமலை நகரிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியர்